ஆங்கிலம் ஊட்டினால் அறிவு வளருமாம்

2025 நவம்பரில் நைஜீரியக் கல்வியமைச்சர் துன்ஜி அலாவுசா ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார். நாட்டுப் பிள்ளைகள் பொதுத்தேர்வுகளில் கொத்துக் கொத்தாகத் தோற்பதற்குக் காரணம் கூரையில்லாத பள்ளியோ, சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்யும் ஆசிரியரோ, புத்தகமே பார்க்காத வகுப்போ அல்லவாம். தாய்மொழியாம். ஆகவே 2022-ல் வந்த தேசிய மொழிக் கொள்கை ரத்து. இனி மழலையர் வகுப்பு தொடங்கிப் பல்கலைக்கழகம் வரை ஆங்கிலமே பயிற்றுமொழி. அறிவிப்பு வெளியான மேடை, தலைநகர் அபுஜாவில் பிரிட்டிஷ் கவுன்சிலின் மொழிக் கருத்தரங்கு. இடப்பொருத்தத்தில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளும் தாய்மொழியில் நடக்கட்டும் என்றது 2022-ன் கொள்கை. அன்று முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு இந்த அறிவிப்பு வந்தபோது ஒன்பது, பத்து வயதுக்கு மேல் இருந்திருக்காது. மேற்கு ஆப்பிரிக்கப் பள்ளி இறுதித் தேர்வை எழுதுவது பதினாறு, பதினேழு வயதில். அப்படியானால் தோற்றது யார்? 1977-ன் பழைய கல்விக் கொள்கைப்படி, முதல் சில வகுப்புகளுக்குப் பிறகு எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே படித்து வந்தவர்கள். தோற்றவர்கள் ஆங்கிலவழிப் பிள்ளைகள், குற்றவாளி தாய்மொழி! புத்தகங்களும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் தயாரான பிறகுதான் திட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும் என்று அன்றைய அமைச்சர் அடாமு அடாமு 2022-லேயே சொல்லியிருந்தார். அவை வந்து சேரவே இல்லை. அலாவுசா சிறுநீரக மருத்துவர். வாங்கிக்கூடக் கொடுக்காத மருந்து நோயாளியைக் கெடுத்துவிட்டது என்று தன் மருத்துவமனையில் அவர் எழுதிவைப்பாரா?

அமைச்சரை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர் மேடையில் சொன்னதை நாட்டின் தென்கிழக்கே எனுகுவிலும் ஒவெரியிலும், லாகோஸின் அடுக்குமாடிகளிலும் இக்போ மொழி பேசும் பெற்றோர் எத்தனையோ ஆண்டுகளாக வீட்டில் செய்து வருகிறார்கள். கிராமத்திலிருந்து பாட்டி வருகிறாள். பேத்தியைப் பக்கத்தில் இழுத்து இக்போவில் நலம் கேட்கிறாள். குழந்தை ‘ஃபைன், தேங்க் யூ’ என்கிறது. அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அதன்பிறகு பாட்டியும் பேத்தியும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதே வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை போடுவது இக்போவில், கடன் கணக்குப் பேசுவது இக்போவில், அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிக் கிசுகிசுப்பதும் இக்போவில். பிள்ளையோடு பேச மட்டும் ஆங்கிலம். அந்த ஆங்கிலமோ, பள்ளியில் தாங்கள் அரைகுறையாகக் கற்றது. அதைப் பிள்ளைக்கும் அரைகுறையாகவே ஊட்டி, ஏற்கெனவே முழுமையாகக் கையிலிருக்கும் மொழியைப் பூட்டி வைப்பதற்கு வளர்ப்பு என்று பெயர். இதில் முன்னணியில் நிற்பவர்கள் படித்தவர்கள். சந்தையில் கிழங்கு விற்கும் பெண்ணின் பிள்ளை குறைந்தபட்சம் ஒரு மொழியாவது முழுதாகப் பேசுகிறது.

இந்த வழக்குக்கு நைஜீரியாவிலேயே ஒரு பள்ளிக்கூடம் தீர்ப்பு எழுதி அரை நூற்றாண்டு ஆகிறது. 1970-ல் இஃபே நகரின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பாபாதுண்டே ஃபாஃபுன்வா, ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியோடு ஒரு சோதனை தொடங்கினார். ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்கு ஆறு ஆண்டுகளும் கணக்கு, அறிவியல், சமூகப்பாடம் எல்லாம் தாய்மொழியான யொரூபாவில். ஆங்கிலம் தனிப் பாடம், அதற்கென்றே தேர்ந்த தனி ஆசிரியர். இன்னொரு பிரிவுக்கு வழக்கம்போல மூன்றாண்டு யொரூபா, பிறகு ஆங்கிலவழி. முடிவில் யொரூபாவழிப் பிள்ளைகள் எதிலும் பின்தங்கவில்லை, பலவற்றில் முந்தினார்கள். ஆங்கிலத்தில்கூடத் தோற்கவில்லை. இன்னொரு முறை சொல்லலாம்: ஆறு ஆண்டு யொரூபாவில் படித்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் தோற்கவில்லை. இந்த ஃபாஃபுன்வா பின்னாளில் கூட்டாட்சிக் கல்வியமைச்சராகவும் இருந்தார். அலாவுசா இன்று அமர்ந்திருப்பது அதே நாற்காலியில். அந்த அமைச்சகத்தின் அலமாரியில் இஃபே அறிக்கையின் ஒரு பிரதிகூடவா இல்லை?

இஃபேயைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: அது யொரூபா, இக்போவுக்கு எப்படிப் பொருந்தும்? இக்போப் பிள்ளையின் மூளை வேறு மண்ணில் செய்ததுபோலும். சரி, இக்போவே ஆகட்டும். ‘சிதைவுகள்’ என்று தமிழில் வந்திருக்கும் நாவலை 1958-ல் வெளியிட்ட சினுவா ஆச்சிபி, ஒகிடி கிராமத்தில் இக்போவில் வளர்ந்து எட்டு வயதுவாக்கில் ஆங்கிலம் கற்கத் தொடங்கியவர். அதனால் அவருடைய ஆங்கிலம் என்ன கெட்டுப்போயிற்று? பிறகு உமுவாஹியா அரசுக் கல்லூரி விடுதியில் சேர்ந்தார். அங்கே ஆங்கிலம் மட்டும்தான். சோப்பை இந்தப் பக்கம் கொடு என்று இன்னொரு பையனிடம் இக்போவில் கேட்டதற்காக அவருக்கு முதல் தண்டனை கிடைத்தது. 1940-களில் வெள்ளைக்காரன் பள்ளியில் நடந்ததை இன்று இக்போக்காரர்களே நடத்தும் தனியார் பள்ளிகள் அபராதம் போட்டுத் தொடர்கின்றன. கட்டணமும் அவர்களுக்கே, அபராதமும் அவர்களுக்கே.

ஆச்சிபி மேதை, அவரை எடுத்துக்காட்டாகச் சொல்லலாமா என்பார்கள். அப்படியானால் திரும்ப இஃபேக்கே வர வேண்டும். அங்கே படித்தவர்கள் மேதைகள் அல்ல, சாதாரண வீட்டுப் பிள்ளைகள். மேதையும் வேண்டாம் சோதனையும் வேண்டாம் என்பவர்கள் ஒனிட்சா சந்தைக்கோ நினெவியின் உதிரிபாகக் கடைகளுக்கோ போகலாம். ஒரு பையன் முதலாளியிடம் ஆண்டுக்கணக்கில் தொழில் பழகி, கடைசியில் முதலாளி தரும் முதலோடு தனிக்கடை வைக்கும் இக்போத் தொழிற்பழக்கம் உலகறிந்தது. 1970-ல் நைஜீரிய உள்நாட்டுப் போர் முடிந்தபோது, வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் இக்போக்காரர்களுக்கு ஆளுக்கு 20 பவுண்டுதான் என்று அரசு கைவிரித்தது. அந்த 20 பவுண்டிலிருந்து எழுந்து நின்ற வணிகம், பெரும்பாலும் இக்போவில் பேரம் பேசி, இக்போவில் கணக்குச் சொல்லி வளர்ந்த வணிகம். அந்தக் கடைக்காரரே பிள்ளையை ஆங்கில மழலையர் பள்ளியில் சேர்த்து, வீட்டில் இக்போ கூடாது என்று சட்டம் போடுகிறார்.

பழியை ஆங்கிலத்தின் மேல் மட்டும் போட்டுத் தப்பிக்கவும் கூடாது. எந்த எழுத்தில் இக்போவை எழுதுவது என்று 1929-ல் தொடங்கிய சண்டை 1961-ல் ஒன்வு குழு ஒரு பொது எழுத்தை வகுக்கும்வரை ஓயவில்லை. கத்தோலிக்கர் புதிய எழுத்தில், புராட்டஸ்டன்டுகள் பழைய எழுத்தில். ஒரே ஊரில் இரண்டு பள்ளி, இரண்டு எழுத்துக்கூட்டல். 1933-ல் பீட்டா நுவானாவின் ‘ஒமெனுக்கோ’ என்ற முதல் இக்போ நாவல் வந்தும், பின்தொடரவேண்டிய எழுத்தாளர் வரிசை இந்தச் சண்டையில் மெலிந்தது. பாதிரியார் டென்னிஸ் பல வட்டார வழக்குகளைக் கலந்து 1913-ன் பைபிளுக்காகச் செய்த ‘ஒன்றிய இக்போ’வை ஆச்சிபி கடைசிவரை மன்னிக்கவில்லை. 1999-ல் ஒவெரியில் ஓடெனிக்போ சொற்பொழிவில் அதை இக்போவிலேயே வெளுத்து வாங்கினார்.

சினிமாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. நாலிவுட் என்று உலகம் கொண்டாடும் தொழிலைத் தூக்கி நிறுத்தியதே 1992-ல் கென்னத் நிநெபுவே வீடியோ கேசட்டில் விற்ற ‘லிவிங் இன் பாண்டேஜ்’. அது பேசியது இக்போ, ஆங்கிலம் வெறும் துணைவரி. கேசட் பறந்தது. இரண்டே ஆண்டில் அதே நிநெபுவே சந்தை பெரிதாகட்டும் என்று ஆங்கிலத்துக்குத் தாவினார், மற்ற இக்போத் தயாரிப்பாளர்களும் பின்னாலேயே தாவினார்கள். யொரூபாப் படமும் ஹௌசாப் படமும் சொந்த மொழியில் தனித் தொழில்களாக நின்றன. தொழிலைத் தொடங்கியவர்களின் மொழிக்குத் திரையில் கிடைத்தது கிராமத்து மந்திரவாதி வேடம்.

2025-க்குள் இக்போ அழிந்துவிடும் என்று யுனெஸ்கோ சொல்லிவிட்டதாக ஒரு பேச்சு பல ஆண்டுகள் மேடைதோறும் சுற்றியது. அதைச் சொல்லிக் கண்கலங்கிய பேச்சாளர்களில் பலர் அழுததும் ஆங்கிலத்தில்தான். 2025 வந்தது. கோடிக்கணக்கானோர் பேசும் மொழி அப்படியெல்லாம் ஓராண்டில் செத்துவிடாது, சாகவுமில்லை. லண்டனிலிருக்கும் பிபிசிகூட 2018 முதல் இக்போவில் செய்தி எழுதுகிறது. எனுகுவின் தனியார் பள்ளிக்குத்தான் அந்த மொழியில் கணக்குச் சொல்லித்தர வாய் வரவில்லை.

அபுஜா ரத்து செய்துவிட்டது, இனி என்ன செய்வது என்று அனம்ப்ராவும் இமோவும் அபியாவும் எனுகுவும் எபோனியியும் என ஐந்து இக்போ மாநிலங்களும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தொடக்கப் பள்ளிகளை நடத்துவதில் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பங்குண்டு. ஆளுநர்கள் தேர்தல் மேடையில் இக்போ பேசி வாக்குக் கேட்டவர்கள். ஃபாஃபுன்வாவுக்கு 1970-ல் தேவைப்பட்டது ஒரே ஒரு பள்ளிக்கூடமும் சில வகுப்பறைகளும்தான். ஐந்து மாநிலங்களில், அபராதப் பலகை மாட்டாத ஒரு பள்ளியைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். அடுத்த கல்வியாண்டிலேயே முதல் வகுப்பை இக்போவில் திறக்கட்டும். முதல் சேர்க்கைப் படிவத்தில் ஆளுநர் வீட்டுப் பேரப்பிள்ளையின் பெயர் இருக்கட்டும்.