ரூலெட் பந்து எங்கே விழும்? இயற்பியலால் சொல்ல முடியுமா?

மேட்டூரில் ஜூன் 12-ம் தேதி தண்ணீர் திறந்தால், கல்லணைக்கு வந்து சேர மூன்று, நான்கு நாள் ஆகும் என்பது தஞ்சாவூர் விவசாயிக்குத் தெரியும். எவ்வளவு தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, தன் ஊர் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்பதையும் ஏறக்குறையச் சொல்லிவிடுவார். வேகமும் தூரமும் தெரிந்தால் போதும், மீதி கணக்குதான்.

இதே கணக்கை ரூலெட் சக்கரத்தில் போட்டு ஜெயிக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால், அந்தக் கதையைச் சொல்லி செல்போனில் விற்கப்படும் 'கணிப்பு ஆப்'களுக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. நெல் போட்ட பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிற வீடுகளில், இந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டுவது 3,700... வருவது 3,600!

ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். ஒரு எண்ணில் 100 ரூபாய் கட்டி ஜெயித்தால், கட்டிய பணத்தோடு சேர்த்து 3,600 ரூபாய் கிடைக்கும். சரி, 37 எண்களிலும் தலா 100 ரூபாய் கட்டினால்? கையிலிருந்து போவது 3,700, திரும்பி வருவது 3,600. அந்த 100 ரூபாய்தான் சூதாட்ட விடுதியின் பங்கு. அதாவது 2.7 சதவீதம். அமெரிக்கச் சக்கரத்தில் இன்னொரு பூஜ்யம் கூடுதலாக இருப்பதால், இது 5.26 சதவீதம்.

'தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாகக் கட்டு' என்பார்கள். 100 ரூபாயில் ஆரம்பித்துத் தொடர்ந்து ஏழு முறை தோற்றால் 12,700 ரூபாய் போயிருக்கும். எட்டாவது முறை 12,800 கட்ட வேண்டும். அதில் ஜெயித்தாலும் மொத்த லாபம் வெறும் 100 ரூபாய்!

ஷூவுக்குள் ஒரு சுவிட்ச்

இந்த 2.7 சதவீதத்தை உடைக்கத்தான் இயற்பியல் வந்தது. பந்து விளிம்பில் சுற்றும்போது உராய்வால் வேகம் குறைந்து, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே வந்ததும் சரிந்து இறங்கும். சக்கரமோ எதிர்த்திசையில் ஏறக்குறைய சீராகச் சுற்றும். இரண்டின் வேகத்தையும் அளந்தால், எந்தப் பகுதியில் விழும் என்று ஓரளவு சொல்லலாம்.

கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப்பும், தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானனும் 1961-ல் சிகரெட் பெட்டி அளவில் ஒரு கணினி செய்தார்கள். கால் விரலால் சுவிட்சை அழுத்தி வேகத்தை அளப்பார் ஒருவர். பந்தயம் கட்டுகிறவர் காதில் ஒலி கேட்கும். எந்த எண் என்று அது சொல்லாது. சக்கரத்தின் எட்டில் ஒரு பகுதியைத்தான் காட்டும். அதுவே 44 சதவீத லாபத்துக்குப் போதும் என்பது அவர்கள் கணக்கு. லாஸ் வேகாஸில் சோதித்தபோது காதுக்குப் போகும் மெல்லிய கம்பி அடிக்கடி அறுந்து, பெரிய பணம் கட்ட முடியாமல் போனது. இப்படிப்பட்ட கருவிகளை நெவாடா மாநிலம் 1985-ல் சட்டம் போட்டுத் தடுத்தது.

ஆப்பில் உராய்வு ஏது?

தோர்ப்புக்குத் தேவைப்பட்டவை மூன்று: நிஜப் பந்து, நிஜச் சக்கரம், பந்து சுற்றத் தொடங்கிய பிறகும் பந்தயம் கட்ட அனுமதி. செல்போன் ரூலெட்டில் சுற்றுவது வெறும் படம். எண்ணை முடிவு செய்வது எங்கோ இருக்கும் சர்வரில் ஓடும் மென்பொருள். அங்கே உராய்வும் இல்லை, வேகமும் இல்லை. அளக்க எதுவுமே இல்லாதபோது எந்த ஆப் எதைக் கணிக்கும்? சட்டவிரோதத் தளம் என்றால், அந்த மென்பொருள் நேர்மையானதா என்று பார்க்கவும் ஆளில்லை.

நிஜச் சக்கரத்தை நேரலையில் காட்டும் தளங்களும் உண்டு. ஆனால் படம் சில நொடி தாமதமாக வரும். பந்தயத்தை எப்போது மூடுவது என்பதும் அவர்கள் கையில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஸ்ரீரங்கத்தில் பிறந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் தமிழக அரசு 2022-ல் குழு அமைத்தது. அதன் அறிக்கைக்குப் பிறகு கொண்டுவரப்பட்ட ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. விளையாடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ரம்மி, போக்கர் தொடர்பான பகுதியை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தாலும், ரூலெட் போன்ற அதிர்ஷ்ட விளையாட்டுகளுக்கான தடையை ஏற்றுக்கொண்டது. 2025 ஆகஸ்ட்டில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராக நாடாளுமன்றமும் சட்டம் நிறைவேற்றியது.

கணிப்பு ஆப்பை நம்பிப் பணம் ஏமாந்தால், தாமதிக்காமல் 1930 சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள். வீட்டில் யாராவது விட முடியாமல் ஆடிக்கொண்டிருந்தால், திட்டுவதற்கு முன் 14416-ஐ அழையுங்கள். இது 24 மணி நேரமும் இயங்கும் இலவச மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.