குறுக்கீடு வேறு, சிதறல் வேறு

டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ நாவலை முடிக்க எனக்கு 14 மாதங்கள் ஆயின. டி.எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பு. ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது இதைச் சொன்னேன். நண்பர் ஒருவர் சிரித்தார். “பதினாலு மாசமா? அதுக்குள்ள நான் எண்பது புக்கு முடிச்சிருப்பேன் சார்.” இன்னொருவர் எனக்காகப் பரிந்து பேசினார். “அவர் வீட்டு நிலைமை அப்படிங்க. அந்த மாதிரி நாவலுக்கெல்லாம் ஒரு தனிமை வேணும், அமைதி வேணும். நமக்கெல்லாம் ரிட்டயர் ஆனப்புறம்தான்.”

இருவர் சொன்னதும் தவறு என்பதே என் தரப்பு. சிரித்தவரைவிடப் பரிந்து பேசியவர் சொன்னது கூடுதல் தவறு.

முதலில் அந்த அமைதியைப் பார்ப்போம். இந்த நாவலின் முதல் பகுதி ‘1805’ என்ற தலைப்பில், 1865இல் ‘ருஸ்கி வெஸ்த்னிக்’ இதழில் வெளிவரத் தொடங்கியது. நாவல் முழுவதும் வெளிவந்து முடிய 1869 ஆயிற்று. தொடக்கத்திலிருந்து கூடவே வந்த வாசகர், கடைசிப் பக்கத்துக்கு நான்காண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் அவர் வீட்டிலும் கல்யாணமும் சாவும் நடந்திருக்கும். அவருக்கும் முந்தைய வாசகி ஒருவர் உண்டு, டால்ஸ்டாயின் மனைவி சோஃபியா. கணவரின் அடித்தல் திருத்தல்களை அவிழ்த்துத் திரும்பத் திரும்பப் பிரதியெடுத்தவர். 1863 முதல் 1869 வரையான அந்த ஆண்டுகளில் அவருக்கு நான்கு குழந்தைகள் பிறந்தன. இந்த நாவலின் முதல் வாசகிக்கே அமைதி வாய்க்கவில்லை. நமக்கு மட்டும் அது கட்டாயம் வேண்டுமாம்.

நம் ஊருக்கு வாருங்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் ‘கல்கி’யில் வந்தது. அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்த வீடுகளை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த வீட்டுப் பெண்கள் உலை கொதிப்பதற்குள் இரண்டு பக்கம், பிள்ளை எழுவதற்குள் இரண்டு பக்கம் என்று படித்தவர்கள். யாரும் அவர்களுக்குத் தனி அறை ஒதுக்கித் தரவில்லை. ‘பெரிய நாவலுக்குத் தனிமை வேணும்’ என்பது, கதவைச் சாத்திக்கொண்டாலும் காபி தானாக உள்ளே வரும் என்று பழகிவிட்ட ஆண்களின் புகார்.

நானும் அப்படிப் பழகியவன்தான். 24 வயதில், வேலை கிடைக்காமல் இருந்த நாட்களில், இதே நாவலை மூன்று வாரத்தில் முடித்தேன். கதவு சாத்தியிருந்தது, காபி வந்தது. நடாஷாவின் முதல் நடனமும் போரோதினோ யுத்தமும் மனதில் நின்றன. அதைவிட அதிகமாக நின்றது, ‘நான் முடித்துவிட்டேன்’ என்ற பெருமை.

இரண்டாவது முறை எடுத்தபோது அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். பேச்சு போய்விட்டது. இரவில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்தாறு பக்கம் படிப்பேன். அதற்குள் அவரிடமிருந்து ஒரு சத்தம் வரும். “தண்ணியாப்பா? ஃபேனைக் குறைக்கவா? புரண்டு படுக்கணுமா?” எதுவும் இல்லை என்று தலை ஆடும். கையால் கட்டிலைத் தட்டுவார். அவருக்குக் கோபம், எனக்கும் கோபம். பிறகு மறுபடி புத்தகம்.

அப்படியொரு இரவில்தான் கிழட்டு இளவரசர் பல்கோன்ஸ்கியின் மரணத்துக்கு வந்து சேர்ந்தேன். பெற்ற மகளைக் கணக்குப் பாடம் சொல்லியே நடுங்க வைத்த மனிதர். பக்கவாதம் தாக்கி நாக்குக் குழறுகிறது. மகள் மரியா குனிந்து, ஒவ்வொரு சொல்லாக ஊகித்துக் கேட்கிறாள். அதற்கு முன்பே ஒன்று நடந்திருக்கிறது. அப்பாவின் சாவுக்காகத் தன் மனம் காத்திருப்பதை அவள் கண்டுகொள்கிறாள், தன்னைக் கண்டே பயப்படுகிறாள்.

புத்தகத்தை மூடி வைத்தேன். மூன்று வாரம் திறக்கவில்லை. 24 வயதில் இந்தப் பக்கங்களைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். ஒரு வரிகூட நினைவில் இல்லை. இப்போது, நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை அந்த ரஷ்யக் கிழவர் எழுதி வைத்திருந்தார். அப்பாவின் சத்தம் என் வாசிப்பைக் கெடுத்தது என்று நான் எப்படிச் சொல்வேன்? அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அந்தப் பக்கமே எனக்குத் திறந்திருக்காது.

பத்து நிமிடத்தில் கதைச்சுருக்கம் சொல்லும் வீடியோக்களில் அந்தக் கிழவர் செத்துப்போவது தெரிந்துவிடும். ஆனால் கடைசியில் அவர் குழறிச் சொல்லும் கனிவான சொல்லுக்கு எடை எங்கிருந்து வருகிறது? நூற்றுக்கணக்கான பக்கங்களாக அவர் அதைச் சொல்லாமலே இருந்ததிலிருந்து வருகிறது. அந்தக் காத்திருப்பை யாரும் சுருக்கித் தர முடியாது.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நான் யோக்கியன் இல்லை. அந்த 14 மாதங்களில் மூன்று மாதமாவது அப்பா எடுத்துக்கொண்டதல்ல, ஆபீஸ் எடுத்துக்கொண்டதல்ல. போன் எடுத்துக்கொண்டது. ஆகவே எல்லா இடைஞ்சலையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. குக்கர் மூன்று விசில் அடித்தால் நிற்கும். பிள்ளை கேட்ட கணக்கைப் போட்டுக் கொடுத்தால் போய்விடும். இவை குறுக்கீடுகள், இவற்றுக்கு முடிவு உண்டு. திரும்பி வரும்போது புத்தகம் விட்ட இடத்தில் இருக்கும், நாமும் ஏறக்குறைய அதே இடத்தில் இருப்போம். போன் அப்படியல்ல. அது நம்மை எதற்காகவும் கூப்பிடவில்லை, ஆகவே திருப்பி அனுப்புவதும் இல்லை. அரைமணி கழித்து வந்தால் பக்கம் இருக்கும், படித்தவன் இருக்க மாட்டான். நம்மில் பலரும் செய்வது என்ன? போனுக்குப் பலி கொடுத்த நேரத்தை வீட்டு மனிதர்களின் கணக்கில் எழுதுகிறோம். “பசங்க படிக்க விடமாட்டேங்குது” என்கிறோம்.

பெயர்கள் மறந்துபோகுமே என்பார்கள். மறக்கும். அதிலும் ரஷ்யப் பெயர்கள் ஆளுக்கு மூன்று. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். கல்யாண வீட்டில் பாதிச் சொந்தக்காரர்களின் பெயர் நமக்குத் தெரிவதில்லை. அத்தையைக் கேட்டுக்கொள்கிறோம், யாரும் அதற்காகக் கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பதில்லை. அந்த நாவலில் 361 அத்தியாயங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் சின்னவை. இரவுக்கு ஒன்று என்று வைத்தால் ஓர் ஆண்டுக்குள் அடங்கும். ரிட்டயர்மென்ட் வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

எண்பது புத்தகம் முடித்த நண்பரிடம் எனக்குப் பகை இல்லை. ஆண்டுக் கடைசியில் அடுக்கி வைத்துப் படம் எடுத்துப் போடட்டும். ஒன்றே ஒன்றைத்தான் கேட்கத் தோன்றுகிறது: “அந்த எண்பதுல எதையாவது, தாங்க முடியாம மூடி வெச்சீங்களா சார்?”

இப்போது ‘கரமசோவ் சகோதரர்கள்’ ஓடிக்கொண்டிருக்கிறது. ஏழாவது மாதம். போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு உட்காருகிறேன். யாராவது கூப்பிட்டால் எழுந்து போகிறேன்.