பாலமா, பாதையா?

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததோட பாதைக்குக் காத்துக் கிடந்த காலம் முடிஞ்சுது. (வெளியூர் ஆட்களுக்கு: எங்கட பக்கம் 'பாதை' எண்டால் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏத்திப்போற மிதவை.) அந்தப் பாலத்தில எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டு இடத்துக் கணினி வலையமைப்புகளை இணைக்கிற விசயத்தில் நாங்கள் பாலத்துக்கு எதிர்க்கட்சி.

டவுனில் ஒரு ரியூசன் நிலையம், கிண்ணியாவில் அதன் கிளை எண்டு வைப்பம். இரண்டு கூரையிலும் வயர்லெஸ் டிஷ் பூட்டி, 'பிரிட்ஜ்' எண்டதைத் தெரிவுசெய்தால் பத்து நிமிசத்தில் வேலை முடிஞ்சுது. அங்கத்தைய பிரிண்டர் இங்கே தானாகவே தெரியும். எல்லாருக்கும் சந்தோசம். பிரிட்ஜ் இரண்டு இடத்தையும் ஒரே அறையாக்கிவிடுகிறது, வில்லங்கமும் அதுதான். ஒரு கணினி 'பிரிண்டர் எங்கே?' எண்டு கத்தினால், அந்தச் சத்தம் கடலைத் தாண்டி எல்லாக் கணினிக்கும் போகும். கிளையில் யாரோ வீட்டு ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சும்மா செருகினால், அது டவுன் கணினிகளுக்கும் பிழையான முகவரி குடுக்கத் தொடங்கும். பல்கலைக்கழக விண்ணப்பம் முடியிற நாளில் இது நடந்தால் பிள்ளைகள் யாரிடம் போறது?

இதைவிட மோசமானது வளையம். தொங்குற கேபிள் முனையை ஒருவர் அதே சுவிட்சில் திருப்பிச் செருகிவிடுகிறார். ஈதர்நெட் பொதிக்கு ஆயுள் இல்லை. சுற்றத் தொடங்கினால் சுற்றிக்கொண்டே, பெருகிக்கொண்டே இருக்கும். ஐபி பொதி அப்படியில்லை: 64 அல்லது 128 போன்ற ஒரு எண்ணோடு புறப்படும், ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்றைக் கழிக்கும், பூச்சியமானதும் செத்துப்போகும். வளையத்தை அடைக்கத்தான் ராடியா பேர்ல்மன் 1985இல் ஸ்பானிங் ட்ரீ முறையை உருவாக்கினார். ஆனால் மலிவான சுவிட்சுகளில் பெரும்பாலும் அது இல்லை. இருந்தாலும் எல்லை உண்டு. 2002 நவம்பரில் பொஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் வலையமைப்பு, ஸ்பானிங் ட்ரீ தாங்கமுடியாத அளவுக்குப் பிரிட்ஜ்களால் நீண்டு, நாலு நாள் படுத்துவிட்டது. டொக்டர்மார் திரும்பவும் கடதாசியில் எழுதினார்கள். அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி.

ரவுட்டிங் பெரிய வித்தையில்லை. டவுனுக்கு 192.168.10.0, கிண்ணியாவுக்கு 192.168.20.0. இரண்டு பக்க ரவுட்டருக்கும் 'மற்றது இந்த வழியால்' எண்டு ஒரு வரி. ஒரு பக்கம் குழம்பினால் மற்றப் பக்கம் பாட்டுக்கு ஓடும். மாணவர் போனுக்கும் அலுவலக மார்க்ஸ் ஃபைலுக்கும் நடுவில் பூட்டுப் போடவும் ஒரு வாசல் கிடைக்கும். (பூட்டை நீங்கள்தான் போடவேணும்; ரவுட்டர் தானாகப் போடாது.) வீட்டு ரவுட்டரின் இன்டர்நெட் துளையில் மற்ற இடத்துக் கேபிளைச் செருகிவிட்டு 'ரவுட்டிங் செய்திட்டம்' எண்டு சொல்ற ஆட்களும் இருக்கினம். அதில் ஒரு பக்கம் மறைஞ்சுபோகும், மற்றப் பக்கத்தால் கூப்பிட ஏலாது.

நட்டம் இல்லாமல் இல்லை. பிரிண்டர் தானாகத் தெரியாது, முகவரியைத் தட்டவேணும். ஒரே கட்டடம், பத்துப் பதினைந்து கணினி எண்டால் பிரிட்ஜே போதும், வீண் வேலை வேண்டாம். கடலைத் தாண்டினால் மட்டும் ரவுட்டர் வையுங்கோ. அந்த இரண்டு முகவரியையும் ஒரு துண்டில் எழுதி அதன் முதுகிலேயே ஒட்டிவிடுங்கோ. பூட்டின தம்பி நாளைக்கு டோஹாவுக்குப் போயிருப்பான்.