பெயரில்லாத கல்லறை

1915ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் நாள், பிரான்சு நாட்டின் லூஸ் என்னும் ஊரருகே நடந்த போரிலே, ஆங்கிலப் படையின் இளம் அதிகாரி ஒருவன் காணாமற் போனான். பெயர் ஜோன் கிப்ளிங், வயது 18. உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் றட்யார்ட் கிப்ளிங்கின் ஒரே மகன் அவன்.

அவன் போர்முனைக்குச் சென்ற வரலாறு நெஞ்சை உறுத்துவதாகும். கண்பார்வை குன்றியவன் என்று படை மருத்துவர்கள் அவனைத் தள்ளிவிட்டனர். தந்தையோ, போருக்கு இளைஞரைத் திரட்ட எழுதியும் பேசியும் வந்தவர். தம் நண்பர் றொபேட்ஸ் பிரபுவின் செல்வாக்கைக் கொண்டு மகனை ஐரிஷ் காவற்படையிற் சேர்ப்பித்தார். மகனும் விரும்பியே சென்றான். படையிற் சேர்க்க உதவிய செல்வாக்கு, அவனுடலை மீட்டுத்தர உதவவில்லை. தாயும் தந்தையும் மருத்துவமனைகளில் வினவினர். அவனோடு நின்று பொருத வீரரைத் தேடிக் கண்டு கேட்டனர். 1936இல் தந்தையும் 1939இல் தாயும் கண்மூடினர். மகன் எங்கே கிடக்கின்றான் என்பதை அவ்விருவரும் இறுதிவரை அறிந்திலர். பெயரில்லாதிருந்த கல்லறையொன்றை அவனுடையதெனக் கொண்டு பெயர் பொறித்தது 1992இலேதான். அதுவும் சரிதானா என்ற வாதம் பின்னரும் தொடர்ந்தது.

இக்கதை நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். பேரரசின் புகழ்பாடிய ஒருவருக்காகக் கண்ணீர் வடிக்குமாறு நாம் எவரையும் அழைக்கவில்லை. துயரத்திற் பிறந்த அவர் பணியையே எடுத்துக்காட்ட விழைகின்றோம். 1917இல் நிறுவப்பெற்ற பேரரசுப் போர்க் கல்லறை ஆணைக்குழுவில் அவர் சேர்ந்து உழைத்தார். மாண்ட ஒவ்வொருவன் பெயரும் கல்லில் நிலைத்தல் வேண்டும். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவான கல்லே உரியது. இனம், சமயம், செல்வம் பற்றிய வேற்றுமை ஆகாது என்பன அக்குழு வகுத்த விதிகள். எதிர்ப்புகள் எழுந்தன. 1920ஆம் ஆண்டு மே மாதம் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் வாதம் நடந்தது, விதிகள் நிலைத்தன. லூஸ் நினைவகத்தில், கல்லறை அறியப்படாத 20,000க்கு மேற்பட்டோரின் பெயர்களோடு ஜோனின் பெயரும் ஒன்றாய்ப் பொறிக்கப்பட்டது.

விதி நன்று. ஆனால், அஃது எல்லார்க்கும் பொதுவாய் நின்றதா? இல்லை. அவ்வாணைக்குழுவே 2021இல் வெளியிட்ட அறிக்கை உண்மையை ஒப்புக்கொண்டது. ஆபிரிக்க, ஆசியப் படையினருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 116,000 பேருக்குப் பெயர் பொறித்த சின்னமே இல்லை. வெள்ளையனுக்குக் கல், கறுப்பனுக்குக் காடு! ஒரு நூற்றாண்டு கழிந்தாயினும் தன் பிழையைத் தானே எழுதி வைத்ததை நாம் பாராட்டுகின்றோம்.

திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியோரத்தில், இரண்டாம் உலகப் போரில் மாண்டோரின் கல்லறைகளை நம்மவர் பலர் கண்டிருப்பர். ஒரே அளவான கற்கள், கல்தோறும் பெயர். கடல் கடந்து வந்து மடிந்தவனுக்கு இம்மண்ணில் ஓர் இடம் உண்டு. இம்மண்ணிலேயே பிறந்து இம்மண்ணிலேயே மடிந்த பிள்ளைக்கு உண்டா?

2009 மே மாதம் போர் முடிந்தது. வடக்கிலும் கிழக்கிலும் போராளிகளின் துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்டன. சிலவற்றின்மேல் இராணுவ முகாம்கள் எழுந்தன. அங்கே கிடந்தோருள் விரும்பிச் சென்றவனும் உண்டு; பிடித்துச் செல்லப்பட்டவனும் உண்டு. அவர்கள் ஏந்திய கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் வேறு. பெற்றவள் விளக்கேற்றும் இடத்தை அழிப்பது வேறு. தெற்கேயும் மகனின் உடலைக் காணாத சிங்களத் தாய்மார் உளர். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குப் படையினரையும் தேடும் பொறுப்பை அளித்தது. அத்தாயின் துயரும் இத்தாயின் துயரும் ஒன்றே என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்ட பின், ஒருத்திக்கு நினைவுத்தூணும் மற்றவளுக்கு வெறுந்தரையும் என்பது எந்த நீதி?

வீழ்ந்தவனுக்குக் கல்நடுதல் நமக்குப் புதிதன்று. கல்லைக் காண்பது தொடங்கி வாழ்த்துவது ஈறாக ஆறு துறைகளாக அதனை வகுத்தது தொல்காப்பியம். ஒரு பரப்புக் காணிக்கும் உறுதி கேட்கின்றோம். எல்லை தவறின் வழக்குரைஞரிடம் ஓடுகின்றோம். கமக்காரன் தன் வயலின் எல்லைக்கல்லை அசைக்க விடுவானா? ஆறடி மண்ணுக்கு மட்டும் உறுதியும் இல்லை, எல்லையும் இல்லையா?

நாம் கேட்பது பெரிதன்று. கல்லறை நிலங்களைப் பெற்றோரிடம் விடுக. காணாமற் போனவன் எங்கே என்ற கேள்விக்கு, அவன் எச்சீருடை அணிந்திருந்தான் என்று பாராமல், விடை தருக. பெருஞ் செல்வாக்குள்ள தந்தையே விடை காணாது மாண்டார். நம் ஊர்த் தாய்க்குச் செல்வாக்கும் இல்லை. காத்திருக்க ஆயுளும் இல்லை. அவள் கண்மூடுமுன் மகனின் பெயரைக் கல்லிலே தடவிப் பார்க்கட்டும்.