காலிமுகத்திடலும் கடல்மேற் பிறந்த நகரும்

மாணவருடன் காலிமுகத்திடலுக்குச் சென்றிருந்த ஒரு மாலைப்பொழுதில், சிறுவன் ஒருவன் வடதிசையை நோக்கி, "ஐயா, அங்கே இருந்த கடல் எங்கே போயிற்று?" என வினவினான். "அப்பால் தள்ளிப் போய்விட்டது, தம்பி" என்றேன். அவ்விடை அவனுக்கு மட்டுமன்றி எனக்கும் நிறைவு தந்திலது. ஆதலின் இவ்விழா மலரில் இதனை எழுதத் துணிந்தேன்.

அத்திடலின் கடலோர உலாப்பாதையைத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் நிறைவேற்றினார். கொழும்பு வாழ் பெண்டிர், சிறாரின் நலன் கருதி அதனைப் பேணுமாறு தமக்குப்பின் வருவோரை வேண்டிக் கல்லிலும் பொறித்துவைத்தார். காலப்போக்கில் அத்திடல் உலாவுமிடமாக மட்டும் நின்றுவிடவில்லை. 1956 யூன் 5ஆம் நாள் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துச் செல்வநாயகம் தலைமையில் எம்மவர் அறவழியில் அமர்ந்து அடியுண்டது அங்கேயே. 2022இல் நெருக்கடியால் வாடிய பல்லின மக்களும் கூடி ஆட்சியாளரிடம் நியாயம் கேட்டதும் அங்கேயே. கூரையில்லாத அவ்வெளி குடிமக்களின் மன்றமன்றோ?

அதன் அயலிலே 2014இல் துறைமுக நகர வேலை தொடங்கிற்று. 2015இல் இடைநிறுத்தப்பட்டு, 2016இல் மீண்டும் தொடர்ந்தது. 2019 தொடக்கத்தில் 269 ஹெக்டெயர் நிலம் கடலினின்றும் எழுந்து நின்றது. ஏறத்தாழ 5 ஹெக்டெயரான திடலினும் இஃது ஐம்பது மடங்குக்கு மேற்பட்டது. நிலம் அருகிய மாநகருக்கு இடமும், இளைஞருக்குத் தொழிலும் கிடைக்கும் என்பாரின் கூற்றை யாம் இகழ்ந்தொதுக்கவில்லை. தொழில் வேண்டி நிற்போர் நம் மாணவரிலும் பலர் உளர்.

ஆயினும் அந்நிலம் வெறுவெளியிற் பிறந்ததன்று. கோடிக்கணக்கான கன மீற்றர் மணல் கடலடியிலிருந்து வாரப்பட்டது. மீன் இனம் பெருகுமிடங்கள் அழியும், கரை அரிக்கப்படும் எனக் கூறி நீர்கொழும்புக் கடற்றொழிலாளர் எதிர்த்து நின்றனர். நகரின் ஆதாயம் ஒருவர்க்கும், கடலின் இழப்பு வேறொருவர்க்கும் ஆயின் அதனை வளர்ச்சியென்பது எங்ஙனம்?

புதிய நகரில் 91 ஹெக்டெயர் பூங்கா, வீதி முதலிய பொதுத்தேவைகட்கென ஒதுக்கப்பட்டது நன்றே. எனினும் பரப்பளவு மட்டும் ஓரிடத்தைப் பொதுவாக்கிவிடாது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்நகரை நிருவகிப்பது சனாதிபதியால் நியமிக்கப்படும் ஆணைக்குழு. நகரமக்கள் தெரிந்தெடுத்த சபையன்று. ஆகவே, கட்டணமின்றி எவரும் நுழையலாம், கூடலாம், பேசலாம் என்னும் உரிமை ஐயத்துக்கிடமின்றிச் சட்டத்தில் எழுதப்படல் வேண்டும். இனியொருகால் கடலடி மணலில் கைவைக்குமுன் கரைவாழ் மக்களின் சொல்லைக் கேட்டல் வேண்டும்.

நம் கல்லூரி விளையாட்டுத்திடலின் ஒரு மூலையை எவரேனும் வேலியிட்டு அடைத்தால், பழைய மாணவரே, நீவிர் வாளாவிருப்பீரோ? கொழும்பின் கடற்கரையும் அத்தகையதே. அன்று வினவிய சிறுவன் வளர்ந்து தன் மக்களை அழைத்து வருங்கால், அமர்தற்குப் புல்லும், நோக்குதற்குக் கடலும், பேசுதற்கு உரிமையும் அவனுக்கு எஞ்சியிருத்தல் வேண்டும். அவற்றைக் காத்துக் கையளித்தல் நம் கடன்.