‘ஃபைல் காணோம்’னு கைவிரிக்க முடியுமா? வீட்டு பிளான் அப்ரூவல் மாயமானா என்ன செய்யலாம்?

வேடசந்தூர் மாதிரி ஒரு பேரூராட்சியில் 25, 30 வருஷத்துக்கு முன்னாடி அப்பா கட்டிய வீடு. இப்போ மாடி எடுக்கணும், பேங்க்ல லோன் வேணும். பேங்க் கேட்கும் முதல் பேப்பர், அனுமதி பெற்ற வரைபடம். வீட்டில் இருந்த நகல் தொலைஞ்சு போச்சு. பேரூராட்சியில் கேட்டால் வரும் பதில்: "பழைய ஃபைல், கிடைக்கல". இதோட விஷயம் முடிஞ்சுதா? சட்டம் என்ன சொல்லுது? பார்க்கலாம்.

இப்போ ஏன் இது முக்கியம்?

கட்டட விதிமீறல் தொடர்பான மீரட் வழக்கில், 2024 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. கட்டடத்தின் மீது கடன் கொடுக்கும் முன், பணி நிறைவுச் சான்றைச் சரிபார்க்க வேண்டும் என வங்கிகளுக்கு அதில் உத்தரவிடப்பட்டது. இனி பேப்பர் இல்லாத கட்டடத்துக்கு நெருக்கடி கூடும்.

தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் சுயசான்று திட்டம் வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். புது அனுமதிகள் கம்ப்யூட்டரில் இருக்கும். சிக்கல் எல்லாம் பீரோவில் கட்டு கட்டாகக் கிடக்கும் பழைய ஃபைல்களுக்குத்தான்.

வரி ரசீது போதாதா?

போதாது. சொத்து வரி ரசீது, வரி கட்டியதற்கான ஆதாரம் மட்டுமே. அது கட்டட அனுமதி ஆகாது. ஆனால், கட்டடம் எந்த ஆண்டில் இருந்து இருக்கிறது என்று காட்ட உதவும்.

‘காணோம்’ என்பது பதிலா?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் பிரிவு 8, எந்தத் தகவலை மறுக்கலாம் என்று பட்டியல் போடுகிறது. அதில் ‘ஃபைல் தொலைந்தது’ என்ற காரணமே கிடையாது. பிரிவு 4-ன்படி, ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணை போட்டு வைப்பது அலுவலகத்தின் கடமை.

2013 செப்டம்பரில் விஸ்வாஸ் பாம்பூர்கர் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஒரு காலத்தில் அலுவலகத்தில் இருந்த ஆவணத்தை, ‘கிடைக்கவில்லை’ என்று மட்டும் சொல்லி மறுக்க முடியாது. முழுமையாகத் தேட வேண்டும். தொலைந்திருந்தால், யார் பொறுப்பு என்று கண்டறிந்து நடவடிக்கை எடுக்க வேண்டும். இந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டு அலுவலகங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டலாம்.

ஃபைல் காணாமல் போவது சின்ன ஊர்ப் பிரச்னை மட்டுமா? இல்லை. மும்பை ஆதர்ஷ் அடுக்குமாடி விவகாரத்தில், மகாராஷ்டிர நகர்ப்புற வளர்ச்சித் துறை ஃபைலில் இருந்த சில பக்கங்களே மாயமாகி, அது தனி வழக்கானது.

என்ன செய்யலாம்?

* வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஆர்டிஐ மனு கொடுங்க.
* வரைபட நகலோடு, அந்த ஆண்டின் கட்டட அனுமதிப் பதிவேட்டுப் பக்கத்தையும் கேளுங்க. ஃபைல் தொலைந்தாலும் பதிவேட்டில் வரிசை எண்ணும் தேதியும் இருக்க வாய்ப்புண்டு.
* பதிவேட்டை நேரில் பார்வையிடவும் சட்டத்தில் உரிமை இருக்கு.
* 30 நாளில் பதில் இல்லையா, ‘காணோம்’ என்றே பதில் வந்ததா? அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் திருப்தி இல்லையென்றால், 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.
* பழைய வீட்டுக் கடன் இருந்திருந்தால், அந்த வங்கியிலும் பிளான் போட்ட பொறியாளரிடமும் நகல் கேட்டுப் பாருங்க.

ஆணையம் என்ன செய்யும்?

தகவல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கேட்ட ஆவணத்தை அழித்திருந்தாலும் இது பொருந்தும். மனுதாரருக்கு ஏற்பட்ட இழப்புக்கு இழப்பீடு தரச் சொல்லவும், ஆவணப் பராமரிப்பைச் சரிசெய்யச் சொல்லவும் பிரிவு 19-ல் அதிகாரம் இருக்கு.

ஃபைல் இல்லைன்னு வீட்டை இடிப்பாங்களா?

உடனே முடியாது. 2024 நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, குறைந்தது 15 நாள் நோட்டீஸ் தந்து, உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். சாலை, நீர்நிலை போன்ற பொது இட ஆக்கிரமிப்புகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அப்படி நோட்டீஸ் வரும் நாளில், ‘உங்க அலுவலகத்தில்தான் ஃபைல் தொலைஞ்சுது’ன்னு சொல்ல எழுத்துபூர்வமான ஆதாரம் வேணும். ஆர்டிஐ மனுவுக்கு வரும் ‘காணோம்’ என்ற பதிலே அந்த ஆதாரம். பத்திரமா வெச்சுக்கோங்க.