இருபத்தைந்து வீடுகள் உணர்த்தும் பாடம்

கொல்கத்தாவின் வடகிழக்கு விளிம்பில், ராஜர்ஹாட் விளைநிலங்களைக் கையகப்படுத்தி எழுப்பப்பட்ட நகரம் நியூ டவுன். 1999-இல் மேற்கு வங்க அரசு தோற்றுவித்த வீட்டுவசதிக் கட்டமைப்பு மேம்பாட்டுக் கழகமான ஹிட்கோ இந்நகரைத் திட்டமிட்டது. அங்கே 2008-ஆம் ஆண்டு இருபத்தைந்து வீடுகள் கொண்ட ஒரு சிறு குடியிருப்பு உருவானது. கதிரவனின் ஒளிக்கதிர் என்று பொருள்படும் 'ரவிரஷ்மி' என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஒவ்வொரு வீட்டின் கூரையிலும் ஏறத்தாழ 2 கிலோவாட் திறனுள்ள சூரியத் தகடுகள். வெந்நீருக்கும் தெருவிளக்குக்கும் சூரிய ஆற்றல். மிஞ்சும் மின்சாரத்தைப் பொது மின்தொகுப்புக்கு அளிக்கும் ஏற்பாடு. நாட்டின் முதல் சூரிய ஆற்றல் குடியிருப்பு என்று அது பாராட்டப்பட்டது.

கூரைத் தகடுகளைப் பற்றிப் பேசிய பலரும் அக்குடியிருப்பின் இன்னோர் இயல்பைக் கவனிக்கத் தவறினர். வெயிலின் போக்கையும் காற்றின் திசையையும் கணித்து, வெப்பம் உள்ளே புகாமலும் காற்றோட்டம் தடைபடாமலும் இருக்கும் வகையில் அவ்வீடுகள் வடிவமைக்கப்பட்டன. மின்சாரத்தை உற்பத்தி செய்வது ஒரு பணி. அதன் தேவையையே குறைப்பது மற்றொரு பணி. முதலாவது கண்ணுக்குத் தெரியும். திறப்பு விழா நடத்த உதவும். இரண்டாவது சுவருக்குள்ளும் சாளரத்தின் நிழலிலும் மறைந்து நிற்கும். நாட்டின் எரிசக்திக் கொள்கையும் அவ்வாறே கண்ணுக்குத் தெரிவதற்கு முதலிடமும், தெரியாததற்குக் கடைசி இடமும் அளித்து வருகிறது என்பதே வருத்தத்துக்குரிய உண்மை.

இதில் பிழை என்ன என்பதை எளிய கணக்கு ஒன்று விளக்கும். 2 கிலோவாட் தகடுகள் நல்ல வெயில் நாளில் சுமார் 8 யூனிட் மின்சாரம் தரும். ஒன்றரை டன் குளிர்சாதனக் கருவி ஒன்று இரவு முழுவதும் ஓடினால் அந்த எட்டு யூனிட்டும் ஏறத்தாழ அதற்கே சரியாகிவிடும். மேற்கு வெயிலை நேரே வாங்கும் கண்ணாடிச் சுவரும், காரை மட்டுமே பூசிய மொட்டைக் கூரையும் உள்ள கட்டடத்தில் அக்கருவி ஓயாமல் ஓடியாக வேண்டும். அத்துடன், தகடு மின்சாரம் தருவது பகலில். வீடுகளில் குளிர்சாதனத்தின் தேவை உச்சத்தை எட்டுவது இரவில். சூரியன் மறைந்த பின் அந்தத் தேவையை ஈடு செய்வது பெரும்பாலும் நிலக்கரியே. எனவே, கூரையில் தகடு பொருத்திவிட்டுச் சுவரை மறந்தவர், ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புகிறவருக்கு ஒப்பானவர்.

நியூ டவுன் சூரிய ஆற்றலில் அங்கேயே நின்றுவிடவில்லை. கால்வாயின் மேல் 500 கிலோவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் அங்கு நிறுவப்பட்டது. நிலத்தை விழுங்காமல் மின்சாரம் எடுக்கும் அம்முயற்சி வரவேற்கத்தக்கது. ஆனால் அதே நகரில் அடுக்கடுக்காக எழுந்த அலுவலகக் கோபுரங்களும் மாடிக் குடியிருப்புகளும் இருபத்தைந்து வீடுகளின் கட்டுமானப் பாடத்தை எந்த அளவுக்குப் பின்பற்றின? முன்பே உருவாகிவிட்ட பழைய நகரத்தைத் திருத்துவது கடினம். வெற்று நிலத்தில் வரைபடம் போட்டுத் தொடங்கிய நகரத்துக்கு அந்தச் சாக்கு இல்லை. உழவர்களின் நிலத்தை வாங்கி நகரம் அமைக்கும் அரசுக்கு, அந்நகரம் வருங்காலத் தலைமுறைக்குச் சுமையாக மாறாமல் காக்கும் கடமையும் உண்டு.

எரிசக்திப் பாதுகாப்பு என்றதும் தலைநகர் தில்லியில் நினைவுக்கு வருபவை எண்ணெய்க் கப்பல்கள், நிலக்கரிச் சுரங்கங்கள், அணுமின் ஒப்பந்தங்கள் ஆகியவைதாம். இவை தேவையில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கும் அதிகமானதை இந்தியா இறக்குமதி செய்கிறது. இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ பாதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. நிலக்கரி வளம் மிகுந்த நாடாக இருந்தும், உள்நாட்டு உற்பத்தி 2024-25-இல் 100 கோடி டன்னைக் கடந்தும், இறக்குமதி நின்றபாடில்லை. 2022-இல் ரஷ்யாவும் உக்ரைனும் மோதியபோது உலகச் சந்தையில் எரிவாயுவும் நிலக்கரியும் விலையேறி, அதன் சுமை தொலைவிலுள்ள நாடுகளின் மின்கட்டணத்திலும் எதிரொலித்தது. வெளிநாட்டில் மூளும் போரின் செலவை உள்நாட்டுக் குடும்பம் ஏற்க நேரிடும் நிலையைப் பாதுகாப்பு என்று எவ்வாறு அழைப்பது?

உள்நாட்டு நிலக்கரியும் எப்போதும் கைகொடுப்பதில்லை. 2021 அக்டோபரில் பல அனல்மின் நிலையங்களில் கையிருப்பு நான்கு நாள் தேவைக்கும் குறைவாகச் சரிந்தது. 2022 கோடையில் நிலக்கரி வேகன்களுக்கு வழிவிடுவதற்காகப் பயணிகள் ரயில்கள் ரத்து செய்யப்பட்டன. 2012 ஜூலை 31-ஆம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் ஒருசேரச் செயலிழந்தபோது 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருளில் தவித்தனர். மேற்கு வங்கத்தின் பர்தமான் மாவட்டச் சுரங்கங்களில் இருநூறு தொழிலாளர்கள் மேலே வர வழியின்றி நிலத்தடியில் பல மணி நேரம் சிக்கிக்கொண்டனர். நாட்டுக்கு மின்சாரம் தரும் கரியை வெட்டியவர்களே மின்சாரம் இல்லாமல் உயிருக்கு அஞ்சி நின்ற அவலம் அது. கொல்கத்தா மின்வழங்கல் நிறுவனம் தன் பகுதியைத் தொகுப்பிலிருந்து தனியே துண்டித்துக்கொண்டதால் மாநகரின் பெரும்பகுதி தப்பியது. ஒதுக்கப்பட்ட அளவை மீறிச் சில மாநிலங்கள் மின்சாரத்தை இழுத்ததும் அந்தப் பெரும் மின்தடைக்கு ஒரு காரணம் என்பது விசாரணையில் தெரியவந்தது. தேவையைக் கட்டுக்குள் வைக்காத நாட்டில், எத்தனை மின்நிலையங்கள் இருந்தாலும் ஒரு மின்பாதையின் முறிவு கோடிக்கணக்கானோரை இருளில் ஆழ்த்திவிடும்.

இங்கேதான் சேமிக்கப்படும் யூனிட்டின் மதிப்பு புலப்படுகிறது. இந்தியாவில் அனல்மின் நிலையம் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரியை எரிக்கிறது. மின்வாரியங்கள் பெறும் மின்சாரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கம்பிகளிலும் மின்மாற்றிகளிலும் களவிலும், வசூலாகாத கட்டணத்திலும் வீணாகிறது. ஆகவே, வீட்டில் ஒரு யூனிட் மிச்சமானால், மின்நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கும் அதிகமான உற்பத்தி மிச்சமாகிறது. அதற்குச் சுரங்கமும் வேண்டாம், ரயிலும் வேண்டாம், கப்பலும் வேண்டாம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று என்பதற்கு நாட்டிலேயே சான்று உண்டு. 2015 ஜனவரியில் தொடங்கிய 'உஜாலா' திட்டத்தின் கீழ் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டன. மத்திய அரசு நிறுவனமான இ.இ.எஸ்.எல். மொத்தமாகக் கொள்முதல் செய்ததால், 2014-இல் 310 ரூபாயாக இருந்த ஒரு பல்பின் கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாயாகச் சரிந்தது. மக்களிடம் சிக்கனத்தைப் போதித்ததால் வந்த மாற்றம் அல்ல இது. நல்ல பொருளை எளியவர் வாங்கக்கூடிய விலைக்குக் கொண்டுவந்த நிர்வாகத்தின் வெற்றி இது.

அந்த வெற்றி மின்விசிறிக்கு இன்னும் முழுமையாக எட்டவில்லை. சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கிறது. அதே காற்றைத் தரும் புதிய வகை மின்விசிறிக்கு 30 வாட் அளவே போதும். ஒரு கோடி மின்விசிறிகள் மாற்றப்பட்டு ஒரே நேரத்தில் சுழன்றால் 450 மெகாவாட் மிச்சம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வீதம் முந்நூறு நாள் சுழலும் ஒரு மின்விசிறியில் ஆண்டுக்கு 135 யூனிட் மிச்சமாகும். மின்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது 2023 ஜனவரியில்தான். அதே ஆண்டு ஒரு கோடி திறன்மிகு மின்விசிறிகளை வழங்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. ஏழைக் குடும்பத்துக்குக் குளிர்சாதனம் கனவு. மின்விசிறியே அதன் கோடைக்காலத் துணை. அக்குடும்பத்தின் மின்கட்டணத்தைக் குறைக்கும் இத்திட்டத்துக்கு, எல்.இ.டி. பல்புக்குக் காட்டிய வேகத்தை அரசு காட்டியாக வேண்டும்.

கட்டடங்களின் நிலைமை இன்னும் கவலைக்குரியது. எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இல் நிறைவேறியது. எரிசக்தித் திறன் அமைப்பு 2002 மார்ச்சில் பணியைத் தொடங்கியது. வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பு 2007-இல் வெளியாகி, 2017-இல் திருத்தப்பட்டது. குடியிருப்புகளுக்கான 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' 2018 டிசம்பரில் வந்தது. 2022-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், 100 கிலோவாட் மின்இணைப்புள்ள பெரிய குடியிருப்புகளையும் விதிகளின் வரம்புக்குள் கொண்டுவந்தது. இவற்றில் குறை காண இடமில்லை. ஆனால் மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டு, உள்ளாட்சிக் கட்டட விதிகளில் சேர்த்து, வரைபடத்தைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் அலுவலர் வரை கொண்டு சேர்த்தால்தான் விதி உயிர்பெறும். இடையில் எங்கு தேங்கினாலும் அது காகிதமாகவே கிடக்கும்.

தேக்கத்துக்குக் காரணம் உண்டு. வெப்பம் தடுக்கும் கூரைக்கும் நிழல் தரும் சாளரத்துக்கும் செலவு செய்ய வேண்டியவர் கட்டுநர். அதன் பலனை மின்கட்டணத்தில் அனுபவிக்கிறவர் குடியிருப்பவர். விற்றுவிட்டுப் போகிறவருக்கு முப்பது ஆண்டு மின்கட்டணம் ஒரு பொருட்டல்ல. வாங்குகிறவருக்கோ தரையின் பளபளப்பு தெரிகிறது. சுவரின் தன்மை தெரிவதில்லை. குளிர்பதனப் பெட்டி வாங்கும்போது நட்சத்திரங்களை எண்ணிப் பார்க்கும் நுகர்வோருக்கு, வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் வீட்டைப் பற்றி அத்தகைய தகவல் கிடைக்காதது விந்தை அல்லவா? இந்த இடைவெளியைச் சந்தை தானாக நிரப்பாது. சட்டமே நிரப்ப வேண்டும்.

மத்திய அரசின் பொறுப்பும் இதில் சிறிதன்று. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், ஒரு கோடி வீடுகளின் கூரையில் தகடு பொருத்த 75,021 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஒரு வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. நல்ல திட்டமே. ஆனால் மானியம் பெறும் வீட்டில் திறன்மிகு விசிறியும் வெப்பம் தடுக்கும் கூரைப்பூச்சும் இருக்குமாறு ஊக்கம் அளித்தால், அதே தகடு இருமடங்கு பயன் தருமே. உற்பத்திக்கு ஒரு துறை, சேமிப்புக்கு ஒரு துறை என்று பிரிந்து நிற்பதால் இத்தகைய எளிய இணைப்பும் நிகழாமல் போகிறது.

தமிழகத்துக்கும் இதில் பாடம் உண்டு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைத் தவிர, மாநிலத்தின் அனல்மின் நிலையங்களுக்கான கரியில் பெரும் பங்கு ஒடிசாவின் சுரங்கங்களிலிருந்து ரயிலேறி, பாரதீப்பில் கப்பலேறி, எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வந்து சேர வேண்டும். 2008-க்குப் பிந்தைய ஆண்டுகளில் மாவட்டங்களை வாட்டிய நெடுநேர மின்வெட்டு சிறுதொழில்களை எவ்வாறு முடக்கியது என்பதைக் கோவையும் திருப்பூரும் மறந்திருக்காது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் பம்புசெட்டுகள் இலவச மின்சாரத்தில் இயங்குகின்றன. அச்சலுகையைப் பறிப்பது நியாயமும் அல்ல, தேவையும் இல்லை. மின்சாரம் இலவசம் என்பதால் திறன்மிகு மோட்டார் வாங்க உழவருக்குத் தூண்டுதல் இல்லை. ஆனால் அந்த மின்சாரத்துக்கு மானியம் தரும் அரசுக்கு அத்தூண்டுதல் இருந்தாக வேண்டும். பழைய மோட்டாரை அரசே தன் செலவில் மாற்றித் தந்தால் மானியச் சுமையும் குறையும். பம்புசெட் தயாரிக்கும் கோவைக்கு வேலையும் பெருகும்.

திறன் என்பது பற்றாக்குறையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் உபதேசம் அன்று. இந்தியர் ஒருவரின் ஆண்டுச் சராசரி மின்நுகர்வு ஏறத்தாழ 1,400 யூனிட். உலகச் சராசரியில் அது பாதிகூட இல்லை. இன்னும் கோடிக்கணக்கான வீடுகளுக்குக் குளிர்பதனப் பெட்டியும் குளிர்ந்த அறையும் வர வேண்டியிருக்கிறது. 2024 மே 30-இல் நாட்டின் உச்ச மின்தேவை 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. அந்த வளர்ச்சியைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. குறைந்த மின்சாரத்தில் அதே வசதியைத் தருவதே அறிவுடைமை. 1973-இன் எண்ணெய் நெருக்கடியில் அடிபட்ட ஜப்பான், 1979-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இயற்றியது. பின்னர் சந்தையிலுள்ள கருவிகளில் மிகத் திறமையானதையே அனைவருக்குமான இலக்காக நிர்ணயித்தது. சொந்த எண்ணெய் வளம் இல்லாத நாடு, சிக்கனத்தையே தன் வளமாக மாற்றிக்கொண்டது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. கட்டட விதிகளை ஒவ்வொரு மாநிலமும் கால வரம்புடன் நடைமுறைப்படுத்த வேண்டும். சட்டம் அளித்துள்ள அதிகாரத்தின்படி சிறிய குடியிருப்புகளுக்கும் அவற்றைப் படிப்படியாக விரிவாக்க வேண்டும். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு அடுக்குமாடி வீட்டுக்கும் மின்திறன் குறியீடு கட்டாயமாக வேண்டும். அரசுக் கட்டடங்கள் முன்மாதிரியாக நிற்க வேண்டும். மின்கம்பியில் ஒழுகும் இழப்பை அடைக்காமல், நுகர்வோரிடம் மட்டும் சிக்கனத்தை எதிர்பார்க்கும் போக்கை மின்வாரியங்கள் கைவிட வேண்டும்.

2008-இல் நியூ டவுன் இருபத்தைந்து வீடுகளில் செய்து காட்டியது அரிய சாதனை அன்று. எங்கும் செய்யக்கூடியது என்பதே அதன் பெருமை. முன்மாதிரிகளைக் கட்டித் திறந்துவைப்பதில் இந்தியாவுக்குக் குறைவில்லை. அவற்றை விதியாக்கி, எளியவரின் வீட்டு வாசல்வரை கொண்டு செல்வதில்தான் அரசுகளின் உறுதி சோதிக்கப்படுகிறது. அச்சோதனையில் இன்னும் தேறாத நிலையில், புதிய மின்நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டுவதால் மட்டும் எரிசக்திப் பாதுகாப்பு வந்துவிடாது.